மெய்க்கீர்த்தியாகும் வாழ்க்கை வரலாறு: ‘ஜாப்ஸ்’ திரைப்படம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாற்றைத் திரையில் கூறுதல் திரைப்படக் கலையின் தொடக்கக் காலந்தொட்டே நிகழ்ந்து வருவதாகும். அரசர், அருளாளர், விடுதலை வீரர், கலைஞர் என நீண்ட அவ்வரிசையில், 1990களின் இறுதியிலிருந்து கணிப்பொறித் தொழிலைத் தோற்றுவித்தோரும் இடம்பெறலாயினர். ஆப்பிள் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் (1955–2011) பற்றி 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜாப்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அத்தகையது. மேட் ஒயிட்லி திரைக்கதை எழுத, ஜோஷுவா மைக்கேல் ஸ்டெர்ன் இயக்கிய இப்படத்தில் ஆஷ்டன் குச்சர் தலைமைப் பாத்திரத்தை ஏற்றுள்ளார். ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டாலர் செலவில், ஆலிவுட் அளவுகோலின்படி குறைந்த முதலீட்டில் உருவான இப்படம், ஜாப்ஸ் மறைந்து பதினாறு திங்கள் நிறைவதற்குள் 2013 சனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் பொதுத் திரையீட்டுக்கு வந்தது.

இப்படம் ஒரு மனிதரின் தொடக்கக் காலப் போராட்டங்களை எவ்வாறு புலப்படுத்துகிறது, அப்போராட்டங்களில் யாருடைய உழைப்பு பதிவு பெறுகிறது, எவை விடுபடுகின்றன, அவ்விடுபாடுகள் படத்தின் கலைத்தன்மையை எங்ஙனம் தாக்குகின்றன என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்க்கீர்த்தி என்னும் அளவுகோல்

முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி அமையும் மரபு நிலைபெற்றது. மன்னன் வென்ற நாடுகளையும் எய்திய சிறப்புகளையும் அது வரிசைப்படுத்தும். வரலாற்றாசிரியர்க்கு அது இன்றியமையாத சான்று. ஆயினும் அதனை மட்டும் கொண்டு வரலாறு எழுத இயலாது. தோற்ற போர்களையும், படையில் நின்று மாண்டோரையும் அதில் தேடிப் பயனில்லை. மெய்க்கீர்த்தி பொய்யுரைப்பது அன்று, தேர்ந்துரைப்பது. அத்தேர்வின் நெறி, வெற்றியிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதேயாகும்.

வாழ்க்கை வரலாறு இதினின்று வேறுபட்டது. முடிவு இன்னதென்று அறியாத நிலையில் ஒருவர் எடுத்த முடிவுகளையும், அவற்றுக்கு அவரும் பிறரும் கொடுத்த விலையையும் அது காட்ட வேண்டும். கோவை இலக்கியத்தில் பாட்டுடைத் தலைவன் வேறு, கிளவித் தலைவன் வேறு. முன்னவன் பெயர் சுட்டிப் புகழப்படுபவன். பின்னவன் பெயர் சுட்டப்படாது, தன் ஏக்கத்தாலும் கலக்கத்தாலும் படிப்போர் நெஞ்சில் இடம் பெறுபவன். நல்ல வாழ்க்கை வரலாறு இவ்விருவரையும் ஒருவராக்கிக் காட்டும். ‘ஜாப்ஸ்’ படத்தில் பாட்டுடைத் தலைவன் இருக்கிறான். கிளவித் தலைவன் ஒருசில இடங்களில் மட்டும் எட்டிப்பார்த்து மறைகிறான். இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவேயாகும்.

சட்டகக் காட்சியும் அதன் விளைவும்

படம் 2001ஆம் ஆண்டில் தொடங்குகிறது. நரைத்த தலையும் கூன் விழுந்த நடையுமாக ஜாப்ஸ் ஓர் அரங்கில் நுழைந்து, ஐபாட் என்னும் இசைக் கருவியைத் தம் பணியாளர்க்கு அறிமுகப்படுத்துகிறார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. அதன்பின் கதை 1974ஆம் ஆண்டின் ரீட் கல்லூரி வளாகத்திற்குப் பின்னோக்கிச் செல்கிறது.

இச்சட்டகம் படத்தின் பொருளையே தீர்மானித்து விடுகிறது. வெறுங்காலுடன் திரியும் இளைஞன் இன்னான் ஆவான் என்பது முதற்காட்சியிலேயே அறிவிக்கப்பட்டமையால், அவன் எதிர்கொள்ளும் எந்த இடரும் இடராகத் தோன்றவில்லை. படிப்பைக் கைவிடுதல், அட்டாரி நிறுவனத்தில் உடன் பணியாற்றுவோருடன் மோதுதல், முதலீட்டாளர் பலர் மறுத்தல் ஆகிய யாவும் கைதட்டலை நோக்கிய படிக்கட்டுகளாகவே அமைகின்றன. போராட்டம் என்பது முடிவு தெரியாமையில் பிறப்பது. முடிவை முன்வைத்துவிட்டுப் போராட்டத்தைக் காட்ட முற்படுவது, விடையை மேலே எழுதிவிட்டுக் கணக்கைக் கீழே செய்வதற்கு ஒப்பாகும்.

1974இல் ஜாப்ஸ் நண்பர் டேனியல் கோட்கியுடன் இந்தியாவில் மேற்கொண்ட பயணம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இப்பகுதிக்கெனப் படக்குழுவினர் இந்தியாவுக்கே வந்து படம்பிடித்தனர். எனினும் அது சில காட்சித் துணுக்குகளில் முடிந்துவிடுகிறது. உண்மையில் அப்பயணம் ஓர் ஏமாற்றத்தில் தொடங்கியது. இமயமலை அடிவாரத்தில் கைஞ்சி என்னுமிடத்தில் ஆசிரமம் கொண்டிருந்த நீம் கரோலி பாபாவைக் காணும் விருப்பத்துடன் வந்த அவர்கள், அவர் 1973 செப்டம்பரிலேயே மறைந்துவிட்டார் என்பதை அறிந்தனர். தேடி வந்த குரு இல்லை. தங்கிய நாடு புரியவில்லை. திரும்பிச் செல்லவும் மனமில்லை. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனின் அகப்போராட்டத்திற்கு இதனினும் சிறந்த நிகழ்ச்சி வேண்டியதில்லை. படமோ அதனை மனவிரிவின் ஓர் அடையாளமாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு கடந்து செல்கிறது.

கொட்டகைக் காட்சிகள்

படத்தின் சிறந்த பகுதி 1976, 1977ஆம் ஆண்டுகளைச் சார்ந்தது. கலிபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் நகரில் ஜாப்ஸின் வளர்ப்புப் பெற்றோர் வாழ்ந்த வீட்டிலேயே இக்காட்சிகள் எடுக்கப்பட்டன. அவ்வீட்டின் கார்க் கொட்டகையில் மேசைகளை இழுத்துப் போட்டு, மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நான்கைந்து இளைஞர்களின் சோர்வும் கேலியும் பதற்றமும் இயல்பாக வெளிப்படுகின்றன. ‘டைட்டானிக்’ படத்தின் ஒளிப்பதிவாளரான ரசல் கார்பென்டர் இங்குப் பழுப்பும் மஞ்சளும் கலந்த மங்கிய ஒளியைக் கையாண்டு, ஒரு தலைமுறையின் பழைய நிழற்படத் தொகுப்பைப் புரட்டும் உணர்வைத் தருகிறார்.

பைட் ஷாப் என்னும் கடையை நடத்திய பால் டெரல், ஒன்றுக்கு 500 டாலர் வீதம் 50 கணிப்பொறிகளைக் கேட்டது வரலாற்றுச் செய்தி. கையில் பணமின்றி, உறுப்புகளை 30 நாள் கடனுக்குப் பெற்று, அத்தவணைக்குள் பலகைகளை முடித்துக் கொடுத்தே ஆப்பிள் நிறுவனம் உயிர்பெற்றது. இதற்கு முன்னர் ஜாப்ஸ் தம் வோக்ஸ்வாகன் வண்டியையும், ஸ்டீவ் வாஸ்னியாக் தம் எச்.பி. கணிப்பியையும் விற்றிருந்தனர். படத்தில் டெரல் வெறும் பலகையைக் கண்டு முகம் சுளிக்கும் காட்சி நன்கு அமைந்துள்ளது. வாங்குபவன் எதிர்பார்ப்பது ஒன்று, செய்தவன் கொண்டுவந்தது மற்றொன்று என்னும் இடைவெளியிலேதான், முழுமையான கணிப்பொறி ஒன்றை விற்க வேண்டும் என்ற எண்ணம் ஜாப்ஸுக்கு உறுதிப்படுகிறது. ஒரு கருத்து சொற்பொழிவாக அன்றி நிகழ்ச்சியாகப் பிறக்கும் அரிய இடம் இது.

எனினும் கொட்டகை பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அங்குக் கணிப்பொறி வடிவமைக்கப்படவில்லை என்றும், கொட்டகைக் கதை ஓரளவு புனைவே என்றும் வாஸ்னியாக் 2014இல் கூறினார். அவர் அப்போது ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். வடிவமைப்பின் பெரும்பகுதி அவருடைய அலுவலக இருக்கையிலும் வீட்டிலும் நடந்தது. கொட்டகை, செய்து முடித்தவற்றைச் சோதித்து அனுப்பும் இடமாக இருந்தது. உண்மையான இடத்தில் படமெடுத்தல் உண்மையைப் படமெடுத்தல் ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

உரையும் உழைப்பும்

படத்தின் முதன்மைக் குறைபாடு, செய்த கைகளையும் பேசிய வாயையும் ஒன்றென மயங்குவதாகும். வாஸ்னியாக்கின் அறையில், தட்டச்சிடும் எழுத்து தொலைக்காட்சித் திரையில் தோன்றுவதைக் கண்டு ஜாப்ஸ் வியக்கிறார். உடனே கணிப்பொறியின் எதிர்காலம் குறித்து அவர் விளக்க, வாஸ்னியாக் கேட்டு மலைக்கிறார். அவ்வாறு நிகழவில்லை என்பதும், கணிப்பொறி சமுதாயத்தை மாற்றும் என்ற எண்ணம் 1975 மார்ச்சில் தொடங்கிய ஹோம்புரூ கணிப்பொறிக் கழகத்தில் பரவலாகப் பேசப்பட்டது என்பதும் வாஸ்னியாக்கின் மறுப்பு. அவர் இதே பொருள் பற்றிய மற்றொரு படத்திற்கு அப்போது ஆலோசகராக இருந்தார் என்பதையும் நடுநிலையோடு குறித்தல் வேண்டும். ஆயினும் ஹோம்புரூ கழகத்தின் வரலாறு அவர் கூற்றுக்கு அரண் செய்கிறது. அக்கழகத்தினர் தம் மின்சுற்று வரைபடங்களை ஒருவர்க்கொருவர் இலவசமாகவே பகிர்ந்துகொண்டனர். வாஸ்னியாக்கும் அங்ஙனமே செய்தார்.

ஜாப்ஸின் உண்மையான பங்களிப்பு அங்கேதான் தொடங்குகிறது. இலவசமாக வழங்கப்பட்ட வரைபடத்தை விற்பனைக்குரிய பலகையாகவும், பலகையைப் பெட்டிக்குள் அடங்கிய பொருளாகவும் மாற்றலாம் என்று கண்டவர் அவர். அது சிறிய கண்டுபிடிப்பு அன்று. படம் அதை மட்டும் தெளிவாகக் காட்டியிருந்தால் ஜாப்ஸின் மதிப்பு குறைந்திராது. மாறாக வாஸ்னியாக்கின் அறிவையும் அவருக்கே சேர்க்க முற்பட்டதால், அவருக்கு உரியது எது என்பதே மங்கிவிட்டது.

விடுபாடுகள்

ஒரு படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அனைத்தையும் கூற இயலாது, விடுபாடு குற்றமன்று. ஆனால் விடுபாடுகள் யாவும் ஒரே திசையில் சாயுமாயின் அஃது ஆராய்தற்குரியது.

ஆப்பிள் நிறுவனம் 1976 ஏப்ரல் 1 அன்று மூவர் கூட்டாகத் தொடங்கப்பெற்றது. மூன்றாமவரான ரொனால்டு வெயின் 12 நாட்களில் தம் பங்கை விட்டு விலகினார். கடனுக்குத் தாமும் பொறுப்பாக நேரும் என்னும் அச்சமே அவரை விலகச் செய்தது. தொடக்க நாட்களின் ஆபத்தை உணர்த்த இதனினும் கூர்மையான சான்று இல்லை. படத்தில் அவருக்கு இடமில்லை.

1979இல் ஜாப்ஸும் அவருடைய பொறியாளரும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திற்குச் சென்று, சாளரங்களும் சுட்டியும் கொண்ட கணிப்பொறியைக் கண்டனர். லிசா, மெக்கின்டாஷ் ஆகிய கணிப்பொறிகளின் வளர்ச்சியில் அக்காட்சி பெரும்பங்கு வகித்தது. படம் இதனைக் காட்டவில்லை; ஆனால், தம் கருத்தை மைக்ரோசாப்ட் திருடிவிட்டது என்று ஜாப்ஸ் தொலைபேசியில் பில் கேட்ஸிடம் சீறும் காட்சியைக் காட்டுகிறது. முதலாவது இன்றி இரண்டாவது இடம்பெறும்போது சினம் அறச்சினமாகிவிடுகிறது. இரண்டும் இடம்பெற்றிருப்பின், பெற்றவனே இழந்தவனாக முழங்கும் நகைமுரண் வெளிப்பட்டு, பாத்திரம் ஆழம் பெற்றிருக்கும்.

மூன்றாவது விடுபாடு மிகப் பெரியது. 1985இல் தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே ஜாப்ஸ் வெளியேறினார்; 1996 இறுதியில் ஆப்பிள் அவருடைய நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியதன் வாயிலாகத் திரும்பினார். இடைப்பட்ட 11 ஆண்டுகளைப் படம் தாவிக் கடக்கிறது. நெக்ஸ்ட் கணிப்பொறி வணிகத்தில் தோற்றது. ஆயினும் 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை முதன்முதலில் உருவாக்கியது அக்கணிப்பொறியில்தான். அதன் இயக்க மென்பொருளே பின்னர் மெக்கின்டாஷின் புதிய இயக்க முறைமைக்கு அடித்தளமாயிற்று. அவர் வாங்கிய பிக்சார் நிறுவனம் பல ஆண்டுகள் பொருளிழப்புக்குப் பின் 1995இல் ‘டாய் ஸ்டோரி’ படத்தால் நிமிர்ந்தது. தோல்வி ஒருவனுக்குக் கற்பித்தது யாது என்பதே போராட்ட வரலாற்றின் உயிர்நாடி. அதனை நீக்கியமையால், சினங்கொண்டு வெளியேறிய இளைஞன் அமைதி பெற்ற நடுவயதினனாகத் திரும்புவது மாயமாகத் தோன்றுகிறதேயன்றி வளர்ச்சியாகத் தோன்றவில்லை.

உடன் நின்றோர்

இப்படம் ஜாப்ஸின் கொடுமைகளை மறைக்கிறது என்று கூற இயலாது. அட்டாரி நிறுவனத்தின் பிரேக்அவுட் விளையாட்டை வாஸ்னியாக் இரவு பகலாக வடிவமைத்துத் தர, ஜாப்ஸ் பெற்ற 5,000 டாலரை மறைத்து, 700 டாலர் எனக் கூறி அவருக்கு 350 டாலர் மட்டும் கொடுத்தது படத்தில் உள்ளது. கருவுற்ற காதலி கிறிசன் பிரென்னனைத் துரத்துவதும், பிறந்த மகளைத் தம் மகளல்லள் என மறுப்பதும் உள்ளன. 1980 டிசம்பரில் நிறுவனப் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, கொட்டகை நாளிலிருந்து உழைத்த கோட்கிக்குப் பங்கு மறுக்கப்பட்ட செய்தியும் இடம்பெறுகிறது. மெய்க்கீர்த்திக்கு இல்லாத இந்நேர்மை பாராட்டத்தக்கது.

ஆனால் இவற்றைப் படம் நடத்தும் முறையில்தான் சிக்கல் எழுகிறது. ஒவ்வொரு கொடுமையும் நிகழ்ந்தவுடன் கதை வேறொரு வெற்றிக்குத் தாவுகிறது. கொடுமைக்கு ஆளானவரோடு ஒரு கணமேனும் தங்குவதில்லை. கோட்கி கதையிலிருந்து நழுவிவிடுகிறார். வாஸ்னியாக் தம் சொந்தப் பங்குகளிலிருந்து பழைய நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்தது மனித இயல்பின் உயர்வைக் காட்டும் நிகழ்ச்சி. அதற்கு உரிய இடம் தரப்படவில்லை. மறுக்கப்பட்ட மகள் பிற்பகுதியில் ஜாப்ஸின் இல்லத்தில் உறங்கிக்கொண்டிருப்பவளாகக் காட்டப்படுகிறாள். அவள் அங்கு எவ்வாறு வந்தாள், தந்தை எதனால் மாறினார் என்னும் வினாக்களுக்கு விடையில்லை. இதனால் மன்னிப்பு கேட்கப்படாமலே வழங்கப்பட்டுவிடுகிறது.

எழுத்துருவின் அழகு அவசரப் பணியன்று என்று கூறிய பொறியாளரை ஜாப்ஸ் அனைவர் முன்னிலையிலும் பணிநீக்கம் செய்யும் காட்சி இங்குக் கருதத்தக்கது. கல்லூரியில் எழுத்தெழில் கலையைக் கேட்டறிந்த ஒருவனின் அழகுணர்வு, பிறனுடைய பிழைப்பைப் பறிக்கும் அளவுக்கு இறுகும் கணம் அது. அழகுணர்வும் வன்மையும் ஒரே வேரினின்று கிளைக்கின்றனவா, அல்லது ஒன்றின்றி மற்றொன்று இயலுமா என்பது படம் எழுப்பியிருக்க வேண்டிய வினா. படமோ பின்னணி இசையால் ஒரு சார்பு நிலையை எடுத்துக்கொள்கிறது. இதனைக் காணும் இளைஞன், வன்சொல்லே மேதைமையின் அடையாளம் எனக் கொள்ள இடமுண்டு. தொழில்முனைவோர் வரலாறுகள் இளைஞர்க்கு வழிகாட்டியாகப் பரிந்துரைக்கப்படும் இக்காலத்தில் இது சிறு குறையன்று.

ஒப்புநோக்கு

இதே பொருளில் அமைந்த பிற படங்களோடு ஒப்பிடுகையில் இக்கருத்து மேலும் தெளிவுறும். 1999இல் மார்ட்டின் பர்க் இயக்கிய ‘பைரட்ஸ் ஆஃப் சிலிக்கான் வேலி’ தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட எளிய படம். அது ஜாப்ஸ், கேட்ஸ் இருவரையும் இணையாக வைத்து, கதையை வாஸ்னியாக், ஸ்டீவ் பால்மர் ஆகிய உடனுறைந்தோர் வாயிலாகக் கூறுகிறது. கூற்று தலைவனிடமிருந்து பாங்கனிடம் மாறும்போது வியப்பும் குற்றச்சாட்டும் ஒருங்கே ஒலிக்க வழி பிறக்கிறது. ஜெராக்ஸ் நிகழ்ச்சியும் அதில் உண்டு.

2009இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியான பி.பி.சி. 4 ஒளிபரப்பிய ‘மைக்ரோ மென்’, கிளைவ் சின்கிளேர், கிறிஸ் கர்ரி ஆகியோரின் போட்டியைக் கூறுவது. தோற்றவரின் வரலாற்றை நகைச்சுவையும் இரக்கமும் கலந்து சொல்லும் அப்படத்தின் இறுதியில், சின்கிளேர் தம் சிறு மின்வண்டியில் செல்ல, பெருநிறுவனங்களின் பெயர் தாங்கிய சரக்குந்துகள் அவரை முந்திச் செல்கின்றன. முடிவிலிருந்து பின்னோக்கிப் புகழாத வாழ்க்கை வரலாறு எத்தகையது என்பதற்கு அவ்வொரு காட்சி போதும்.

2015இல் டேனி பாயில் இயக்கிய ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவில் உருவானது. ஆரோன் சார்க்கின் எழுதிய அத்திரைக்கதை 1984, 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் மூன்று அறிமுக விழாக்களுக்கு முற்பட்ட மணித்துளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மகளைப் பற்றிய வினாவை மூன்று முறையும் அவர்முன் நிறுத்துகிறது. நிகழ்ச்சிகளில் அது வரலாற்றினின்று மிகுதியும் விலகுவதே. ஆயினும் உறவின் உண்மையில் 2013ஆம் ஆண்டுப் படத்தை விஞ்சுகிறது. செய்திகளின் எண்ணிக்கையன்று, அவற்றை நிறுத்திப் பார்க்கும் துணிவே வாழ்க்கை வரலாற்றை ஆக்குகிறது என்பது இதனால் பெறப்படும்.

குறைந்த செலவின் நிறையும் குறையும்

குறைந்த முதலீடு இப்படத்திற்கு ஒரு வகையில் நன்மையே செய்துள்ளது. கொட்டகை, அடுக்களை, சிறிய அலுவலக அறை ஆகிய இடங்களில் படம் உயிர்ப்போடு இயங்குகிறது. நிறுவனம் பெரிதாகப் பெரிதாக, இயக்குநர் கூட்டங்களும் அரங்கங்களும் வரும்போது, படம் அறைகளுக்குள் அடைபட்ட வாக்குவாதமாகச் சுருங்குகிறது. ஜான் ஸ்கல்லி, ஆர்தர் ராக் முதலியோர் தனித்தன்மை இழந்து, தலைவனை எதிர்ப்பதற்கென அமைந்த முகங்களாகின்றனர். கையிலிருந்த வளத்திற்கேற்ப 1974 முதல் 1977 வரையிலான மூன்றாண்டுகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருப்பின், அதன் சிறுமையே அதன் வலிமையாகியிருக்கும்.

நடிப்பைப் பொறுத்தவரை, குச்சர் ஜாப்ஸின் நடையையும் கையசைவையும் அரும்பாடுபட்டுப் பயின்றுள்ளார்; ஜாப்ஸ் கைக்கொண்ட பழ உணவு முறையைத் தாமும் பின்பற்றி மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலைக்கு ஆளானார். புறத்தோற்றம் பொருந்துகிறது, உள்ளம் தென்படும் இடங்கள் சிலவே. வாஸ்னியாக்காக வரும் ஜாஷ் காட், நிறுவனத்தை விட்டு விலகுவதாகக் கூறிக் கண்கலங்கும் காட்சியில், அந்நிகழ்ச்சி புனைவாயினும், படம் தேடித் திரிந்த மனித உணர்வைத் தொட்டுவிடுகிறார்.

முடிவுரை

படத்தின் இறுதிக் காட்சியில், 1997ஆம் ஆண்டின் புகழ்பெற்ற விளம்பரத்திற்கான உரையை ஜாப்ஸ் தம் குரலில் பதிவு செய்கிறார். மரபை மீறியோரைப் போற்றும் அவ்வுரை, காட்டப்பட்ட வாழ்க்கையின் சாரமாக ஒலிக்கிறது. ஆனால் அச்சொற்கள் விளம்பர நிறுவனத்தின் எழுத்தாளர்கள் எழுதியவை. அன்று ஒளிபரப்பானதும் நடிகர் ரிச்சர்டு டிரைஃபஸின் குரலேயன்றி ஜாப்ஸின் குரலன்று. பிறர் எழுதிய சொற்களைத் தலைவனின் வாயில் வைத்து முடிவது, பிறர் செய்தவற்றைத் தலைவனின் பெயரில் ஏற்றி வந்த இப்படத்திற்கு, அதை எடுத்தோர் கருதாமலே பொருந்திவிட்ட முடிவாகும்.

‘ஜாப்ஸ்’ படம் தொடக்கக் காலப் போராட்டத்தின் புறச்சூழலை நம்பத்தக்க வகையில் படைத்துள்ளது. கொட்டகைப் பகுதியில் கூட்டுழைப்பின் இன்பத்தை உணர்த்துகிறது. தலைவனின் குறைகளைக் கூறவும் தயங்கவில்லை. எனினும் வெற்றியிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் சட்டகம், ஒரு திசையில் சாயும் விடுபாடுகள், உடன் நின்றோரைக் கைவிடும் போக்கு ஆகியவற்றால் அது வாழ்க்கை வரலாறாக வளராமல் மெய்க்கீர்த்தியாகத் தேங்கிவிடுகிறது. கொட்டகைக் காட்சியில் பலகையின் மேல் குனிந்திருக்கும் அந்த இளைஞர்களுள் ஒருவர் பெயர் உலகறியும். ஏனையோர் கைகளும் அதே வேலையைச் செய்தன. அக்கைகளையும் கண்டு எழுதும் வரலாறே இளந்தலைமுறைக்கு உண்மையான வழித்துணையாக அமையும்.